கம்பாட்டிபிலிட்டி: பொருத்தமா, ஒத்திசைவா, இணக்கமா?

விண்டோஸில் ஒரு பழைய நிரலின் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், கம்பாட்டிபிலிட்டி என்றொரு டேப் இருக்கும். உள்ளே ‘விண்டோஸ் எக்ஸ்பி’, ‘விண்டோஸ் 7’ என்று பழைய பதிப்புகளின் பட்டியல். பழைய கணக்கு மென்பொருளோ சிடியில் வந்த விளையாட்டோ திறந்த வேகத்தில் மூடிக்கொண்டால், சர்வீஸ் கடைக்காரர் முதலில் கை வைப்பது இங்கேதான். சில நேரம் ஓடிவிடும், பல நேரம் ஓடாது. ஏன் என்பதற்குப் பாதி விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். ‘கொம்’ என்றால் கூட, ‘பாட்டி’ என்றால் துன்புறு, பொறுத்துக்கொள். இரண்டும் சேர்ந்த ‘கொம்பாட்டி’க்குக் கூடவே துன்பப்படுதல் என்று பொருள். இரக்கத்தைக் குறிக்கும் கம்பேஷன், பொறுமைசாலியையும் நோயாளியையும் குறிக்கும் பேஷன்ட் எல்லாம் அதே குடும்பம். இடைக்கால ஐரோப்பாவில் ஒரே பாதிரியார் இரண்டு திருச்சபைப் பதவிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பதவிகளை இந்த அடைமொழியால் சொன்னார்கள். ஆக, மூலப்பொருளில் அன்பும் இல்லை, ஒற்றுமையும் இல்லை. ஒன்றையொன்று சகித்துக்கொண்டு ஒரே இடத்தில் இருத்தல், அவ்வளவுதான். பழைய மென்பொருளைப் புதுக் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

கணினித் துறையில் 1961இலேயே எம்.ஐ.டி.யில் ஓடிய நேரப்பகிர்வு அமைப்பின் பெயரில் இந்தச் சொல் இருந்தது. பலர் ஒரே நேரத்தில் புழங்கும்போதே, வரிசையாக ஓடும் பழைய வேலைகளையும் மாற்றமில்லாமல் பின்னணியில் ஓடவிட்டதால் அந்தப் பெயர். ஆனால் சொல்லுக்குச் சந்தை மதிப்பு வந்தது 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையால்தான். அதற்கு முன்பு சின்ன இயந்திரத்திலிருந்து பெரிய இயந்திரத்துக்கு மாறினால் நிரல்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 360 வரிசையில் சின்னதில் எழுதியது பெரியதிலும் ஓடியது. போதாததற்கு, அதற்கும் முந்தைய 1401 இயந்திரத்தின் நிரல்களை ஓட்டும் வசதியையும் சில மாடல்களில் வைத்தார்கள். ஐபிஎம் பிசியின் நிரல்களை ஓட்டக்கூடிய, தூக்கிச் செல்லும் கணினியை 1982இல் காம்பாக் நிறுவனம் அறிவித்த பிறகு ‘ஐபிஎம் கம்பாட்டிபிள்’ என்பது கணினி விளம்பரங்களின் வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. பொருத்தம் என்றால் ஜாதகக் கட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதோடு பொருத்துதல் என்பது கணினியில் ராம், ஹார்ட் டிஸ்க் மாட்டுவதற்கும் தேவைப்படுகிறது. ஒத்திசைவு காதுக்கு இனிமையானது, ஆனால் கைபேசியையும் கணினியையும் ‘ஒத்திசை’ என்று சொல்லும்போது அது சிங்க் செய்வதைக் குறிக்கிறது. இயற்பியலிலும் அதற்கு வேறு வேலை உண்டு. நான் இணக்கம் பக்கம். இணங்குதல் என்றால் ஒருவர் விட்டுக்கொடுத்துச் சம்மதிப்பது. கம்பாட்டிபிலிட்டி என்ற பெயரில் கணினிக்குள் நடப்பதும் அதேதான். வரி விவகாரத்தில் கம்ப்ளையன்ஸ் என்பதற்கும் இணக்கம் என்றுதான் எழுதுகிறார்கள். இருக்கட்டும், இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இணக்கம் என்று வைத்துக்கொண்டால் உடனே ஒரு கேள்வி பிறக்கும்: இணங்குவது யார்?

பெரும்பாலும் விண்டோஸ்தான். சிம்சிட்டி என்ற விளையாட்டு, ‘எனக்கு வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்த நினைவகத்தை மறுபடி எடுத்துப் பயன்படுத்தியது. ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டும் ஓடிய பழைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் அந்த இடத்தைக் கேட்க வேறு ஆளில்லை, தப்பித்தது. பல நிரல்கள் ஒன்றாக ஓடும் விண்டோஸில் அந்த இடம் உடனே கைமாறும், விளையாட்டு விழும். தவறு விளையாட்டினுடையது. ஆனாலும் விண்டோஸ் குழுவினர், ஓடுவது சிம்சிட்டிதானா என்று பார்த்து, அதற்கு மட்டும் விடுவித்த நினைவகத்தை விட்டுவைக்கும்படி தங்கள் பக்கம் நிரல் எழுதினார்கள் என்று அமெரிக்க மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி பதிவு செய்திருக்கிறார்.

பொய் சொல்லியும் இணங்கும். விண்டோஸ் 95இன் உண்மையான பதிப்பு எண் 4.0. ஆனால் பழைய 16 பிட் நிரல்கள் (16, 32, 64 பிட் என்பவை கணினி ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவு) கேட்டால் 3.95 என்று சொல்லும். காரணம், பல நிரல்கள் ‘முதல் எண் குறைந்தது 3 இருக்கிறதா, புள்ளிக்குப் பின் குறைந்தது 10 இருக்கிறதா’ என்று தனித்தனியாகச் சோதித்தன. 4.0 என்று நேர்மையாகச் சொன்னால், புள்ளிக்குப் பின் வரும் பூஜ்யம் பத்தைவிடச் சின்னது, ‘உன் விண்டோஸ் பழசு’ என்று நிரல் மறுத்துவிடும்! நாம் அந்த டேபில் ‘விண்டோஸ் எக்ஸ்பி’ என்று தேர்ந்தெடுக்கும்போதும் முக்கியமாக நடப்பது இந்த வகைப் பொய்தான். கூடவே சில நடத்தைகளையும் பழையபடி நடித்துக் காட்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் இணங்குவதும் உண்டு. விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதல், பழைய 32 பிட் நிரல் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுதப் பார்த்தால் அனுமதி கிடையாது. ஆனால் நிரலிடம் ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிட்டு, பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோரில் கொண்டுபோய் வைக்கும். ‘நேற்று சேவ் செய்த கணக்கை அந்த ஃபோல்டரில் காணோம், மென்பொருளில் மட்டும் தெரிகிறது’ என்று யாராவது சொன்னால் அங்கே போய்ப் பாருங்கள்.

64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறைக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள், 64 என்று பெயரில் முடியும் சிஸ்வாவ்64க்குள் இருப்பவை 32 பிட் கோப்புகள். சிஸ்டம்32 என்ற பெயரையே நம்பி எழுதப்பட்ட நிரல்கள் கெட்டுவிடக் கூடாதென்று பெயரை விட்டுவிட்டார்கள்.

யாரும் இணங்காத இடங்களும் இருக்கின்றன. அங்கே அந்த டேபை நோண்டுவது வீண். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது. டாஸ் நிரல் என்றால், பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போடலாம். பழைய ஸ்கேனரின் 32 பிட் டிரைவர், அதாவது கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல், 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. சேஃப்டிஸ்க் என்ற நகல் பாதுகாப்போடு வந்த விளையாட்டு சிடிக்களை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. அந்தப் பாதுகாப்பின் டிரைவரே ஒரு பாதுகாப்பு ஓட்டையாக இருந்ததால், 2015இல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அப்டேட் மூலம் அதை முடக்கினார்கள்.

எது இணங்கவில்லை என்று தெரிந்துகொள்ள ஊகம் வேண்டாம். விண்டோஸில் நடப்பதைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். நிரல் விழுந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு வரி நிற்கும். அதில் ஃபால்ட்டிங் மாட்யூல், அதாவது பிழை நடந்த நிரல் பகுதி, எது என்று பாருங்கள். பிழை எண் சி0000005 என்று இருந்தால், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது என்று பொருள், சிம்சிட்டி செய்தது போல. எப்போதும் அதே நிரல், அதே மாட்யூல் என்றால் இணக்கச் சிக்கலாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு நிரல், வேறு மாட்யூல் என்றால் மென்பொருளைத் திட்டாதீர்கள். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டி, விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். பழைய கணினியில் இதுதான் அதிகம் தவறவிடப்படும் சோதனை.

எதிர்ச்சொல்லுக்கு ‘இணக்கமின்மை’ என்று நீட்ட வேண்டியதில்லை. தமிழில் ஒவ்வாமை இருக்கிறது. அதை அலர்ஜிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். ‘கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்காது’ என்கிற அதே வாயால் ‘இந்த விண்டோஸுக்கு அந்த டிரைவர் ஒத்துக்கலை’ என்றும்தான் சொல்கிறோம். ஒத்த, ஒப்பு, ஒவ்வு எல்லாம் ஒரே வேர்.

நம்மூர் டிடிபி கடைகளில் இந்த ஒவ்வாமையைக் கண்ணெதிரே பார்க்கலாம். அங்கே பக்கம் வடிவமைக்கப் பயன்படும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு அதற்குத் தெரியாது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், ‘அம்மா’ என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிறுக்கலாக நிற்கும். கோப்பு கெடவில்லை, மாற்றி நிரல் ஒன்று இருந்தால் யூனிகோடாக மீட்கலாம். பல ஆண்டுப் பத்திரிகைகளும் அழைப்பிதழ்களும் இப்படிக் கிடப்பதால்தான், இணையத் தொடர்பைப் பிடுங்கிவிட்டு ஒரு எக்ஸ்பி பெட்டியை இன்னும் மூலையில் ஓடவிடுகிறார்கள். அதைப் பழமைவாதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி. இதைப் ‘பின்னோக்கு இணக்கம்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கடந்த காலம் முதுகுப் பக்கம் இருக்கிறது. தமிழிலோ முன்னோர், முன்னாள், முந்தைய எல்லாம் கடந்தவை. பின்னாளில், பின்வரும் என்றால் இனி வருபவை. ‘பின்னோக்கு இணக்கம்’ என்று படிக்கிற ஒருவர் அது வரப்போகும் பதிப்புகளுக்கான இணக்கம் என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘முந்தைய பதிப்பிணக்கம்’ என்று எழுதலாம். ‘விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே இல்லை, 32 பிட் நிரல்களுக்கு முந்தைய பதிப்பிணக்கம் உண்டு, 16 பிட் நிரல்களுக்கு இல்லை’ என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் வராது.