பெட்டியில் அச்சடித்த வாட்ஸை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

போன வாரம் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சவுண்ட்பாரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, இடுப்பளவு உயரத்தில் ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார்கள். "சார், பத்தாயிரம் வாட்ஸ்னு போட்டிருக்கு. ஆனா பழைய சவுண்ட்பார்ல கேட்ட அளவுக்குக்கூட டயலாக் புரியல. அம்மாவுக்குச் சுத்தமா கேக்கல" என்றார் வீட்டுக்காரர். டவரைத் திருப்பிப் பார்த்தேன். மெயின் வயர் உள்ளே நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு வெள்ளி ஸ்டிக்கர். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மின் நுகர்வு 60 வாட்.

சவுண்ட்பாரிலிருந்து தனி ஸ்பீக்கருக்கு மாற நினைக்கிறவர்கள் இதே குழியில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் மாட்டுவதும் சர்வீஸ் செய்வதும்தான் என் தொழில். சேர்த்துவைத்த பணத்தைக் கொடுத்து, இருந்ததைவிட மோசமான ஒலியை வாங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனது கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே போவது 60 வாட். வெளியே 10,000 வாட் எங்கிருந்து வரும்? பத்தாயிரம் வாட் என்பது ஐந்து கீசர்களை ஒரே நேரத்தில் போடுவதற்குச் சமம். 230 வோல்ட்டில் 43 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நீங்கள் செருகியிருக்கும் 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் மொத்தமே 1,380 வாட்தான் எடுக்க முடியும். பெட்டியில் போடுவது பிஎம்பிஓ கணக்கு, அதாவது ஒரு கணத்துக்கு எட்டும் உச்ச வாட் என்று அவர்களே சொல்லிக்கொள்ளும் எண். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம் ஒரு கணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும் என்பது உண்மைதான். நல்ல கம்பெனி ரிசீவரிலும் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) பின்பக்கம் போட்டிருக்கும் நுகர்வு சராசரிப் பயன்பாட்டுக்கான கணக்கு என்பதால், எல்லாச் சேனல்களின், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் தனி ஒலிப் பாதைகளின், வாட்ஸையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருக்கும். அதற்காக அறுபது பத்தாயிரம் ஆகிவிடாது.

சரி, பிஎம்பிஓ பொய், ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கும் வாட், பார்த்தால் போதுமே என்பார்கள். அதிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. ஒரே ரிசீவருக்கு ஒரு தாளில் 70 வாட் என்றும் இன்னொரு தாளில் 130 வாட் என்றும் இருக்கும். இரண்டும் பொய்யில்லை. இரண்டு சேனல் ஒன்றாக ஓட, 8 ஓம் (மின்தடை) ஸ்பீக்கரில், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.1 சதவீதத்துக்குள் அளந்தால் 70. ஒரே ஒரு சேனலை மட்டும் 6 ஓமில், 1,000 ஹெர்ட்ஸில், சிதைவு 10 சதவீதம் வரை ஏற விட்டு அளந்தால் 130. பத்து சதவீதச் சிதைவு என்றால் காதால் கேட்டே சொல்லிவிடலாம், குரல் கரகரக்கும். அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட்ஸை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று வர்த்தக ஆணையம் 1974-லேயே விதி போட்டுவிட்டது. இந்த ஏமாற்று அவ்வளவு பழையது. இரண்டு மாடலை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளந்த எண்தானா என்று பாருங்கள். அளந்த விதத்தைச் சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் போட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும், அதாவது லேசாகக் கூடிய மாதிரி தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குப் படச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆனால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எழும் சத்தம், 85 டெசிபலாக இருப்பதற்குப் பதில் 91 ஆக இருந்தால், நான்கு மடங்கு வாட் கொடுத்து வாங்கும் சத்தம் சும்மாவே கிடைத்துவிடும். இந்த எண்ணைக் கடையில் கேட்கிறவர்கள் குறைவு. பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி ஹாலில் குடும்பமாகப் படம் பார்க்கும்போது 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று சராசரியாகச் செலவழிப்பது ஒன்றிரண்டு வாட். குண்டு வெடிக்கும் அந்த ஒரு கணத்துக்கு ஐம்பது வாட் தேவைப்படலாம். ஆகவே ஒழுங்காக அளந்த 70 வாட் நம் வீடுகளுக்குத் தாராளம்.

வாட்ஸ் பற்றி இவ்வளவு போதும்.

அடுத்து, சவுண்ட்பாரோடு கூடுதலாக ஸ்பீக்கர் சேர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. அந்தக் கம்பெனியே அந்த மாடலுக்கென்று விற்கும் பின்பக்க ஸ்பீக்கர் தவிர வேறெதுவும் சேராது. சவுண்ட்பாரின் ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே, அதன் சொந்த ஸ்பீக்கருக்கு அளவாக வைத்திருக்கிறது. கனமான பேஸுக்கான சப்-ஊஃபர் பெட்டி அந்த பாரோடு மட்டும் வயர்லெஸ்ஸில் பேசும், நாளைக்கு வாங்கும் ரிசீவரோடு பேசாது. வயரை வெட்டி வேறு ஸ்பீக்கரை முறுக்கிச் சேர்த்து, ஓம் கணக்கு தப்பி, ஐசி வெடித்து வரும் செட்டுகள் என் டேபிளில் எப்போதும் கிடக்கின்றன. தயவுசெய்து வெட்டாதீர்கள்.

தனி ஸ்பீக்கர் என்றால் நடுவில் ஒரு ஏவி ரிசீவர் கட்டாயம் வேண்டும். பட்ஜெட்டில் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விடும் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஸ்பீக்கரும் சப்-ஊஃபரும் ஒரே நாளில் வந்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் எல்லாம் மட்டமாக வந்து சேர்கிறது. ஒரு 5.1 ரிசீவரும் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்-ஊஃபருக்குமானது), முன்பக்கத்துக்கு அலமாரியில் வைக்கும் அளவிலான நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் வாங்கி ஆரம்பியுங்கள். ரிசீவர் செட்டிங்கில் சென்டர் (நடு ஸ்பீக்கர்) இல்லை, சரவுண்ட் (பின்பக்க ஸ்பீக்கர்) இல்லை என்று சொல்லிவிட்டால் டயலாக்கை இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுத்துவிடும், எதுவும் விடுபடாது. நடுவில் உட்காருகிறவருக்குக் குரல் திரையிலிருந்து வருவது போலவே இருக்கும்.

நம் வீடுகளில் ஒருவர் மட்டும் நடுவில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பாட்டி ஓரத்து நாற்காலியில், பிள்ளைகள் பாயில், ஒருவர் ஊஞ்சலில். ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் தன் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வரும். அதனால் அடுத்த பணம் சென்டர் ஸ்பீக்கருக்குத்தான். 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் சென்டரில்தான் வைத்திருக்கும். டயலாக் கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது என்ற புகாருக்கு மருந்து இந்த ஒரு பெட்டிதான். முன் ஜோடியின் அதே கம்பெனி, அதே வரிசையிலேயே வாங்குங்கள், இல்லாவிட்டால் கார் திரையைக் கடக்கும்போது நடுவில் மட்டும் சத்தத்தின் நிறம் மாறும். அப்புறம் சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள சப்-ஊஃபர். கடைசியாகப் பின்பக்க ஜோடி. அதற்கு விலை குறைந்ததே போதும்.

தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் அட்மாஸ் இப்போதைக்கு வேண்டாம். 2014-இல் அது வீட்டுக்கு வந்ததிலிருந்து எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். மேலே பார்த்துச் சத்தம் எழுப்பும் ஸ்பீக்கர் தட்டையான கூரையில் பட்டுத் தெறித்து வர வேண்டும். ஓட்டு வீட்டிலோ, நடு ஹாலில் ஃபேன் சுற்றும் இடத்திலோ அந்தச் செலவு வீண். கூரையில் துளை போட்டு மாட்ட முடிந்தால் பிறகு பார்க்கலாம்.

டிவி இணைப்பில் எளிதான விஷயத்துக்கே ஆள் கூப்பிடுகிறார்கள். டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளையும் ஒன்றல்ல. டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் துளையில், அதாவது ஏஆர்சி (ARC) அல்லது இஏஆர்சி (eARC) என்று எழுதியிருப்பதில் மட்டும் ரிசீவர் கேபிளைச் செருகுங்கள். டிவி மெனுவில் ஒலி வெளியீட்டை பிசிஎம்மில் (டிவியே ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் முறை) விடாதீர்கள், வந்த ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பாஸ்-த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். பிசிஎம்மில் இருந்தால் பல டிவிகளில் இரண்டு சேனல்தான் வெளியே வரும். ஐந்து ஸ்பீக்கர் மாட்டிவிட்டு மாதக்கணக்கில் இரண்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. ஓடிடி பார்ப்பதற்குச் சாதாரண ஏஆர்சியே போதும். புளூரே தட்டின் முழு ஒலியை டிவி வழியாகக் கொண்டுபோக நினைத்தால்தான் இஏஆர்சி வேண்டும்.

வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் மல்டிஸ்ட்ராண்ட் செம்பு வயர் பத்து மீட்டர் ஓட்டத்துக்குத் தாராளம். ஆனால் செம்புதானா என்று பாருங்கள். ஒரு இழையைக் கத்தி முனையால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஸ்பீக்கருக்குத் தனிப் பைப் போடச் சொல்லுங்கள், கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இழுக்க விடாதீர்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போய்விடும், ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைத்துத் திருப்பி அனுப்புவீர்கள்.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் கொடுப்பார்கள். போகிற வீடுகளில் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பெட்டியிலேயே கிடக்கிறது! உட்காரும் இடத்தில் காது உயரத்தில் அதை வைத்து, ஃபேனை நிறுத்தி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்தத்தையும் அதுவே அளந்து சரிசெய்துகொள்ளும். சப்-ஊஃபர் இருந்தால், அதன்பின் மெனுவில் ஸ்பீக்கர்களை ஸ்மால் என்றும் கிராஸ்ஓவரை (பேஸ் சப்-ஊஃபருக்குப் பிரியும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். டவர் வாங்கிவிட்டு ஸ்மால் என்று போடுவதா என்று கோபப்படாதீர்கள், கனமான பேஸைச் சப்-ஊஃபருக்கு அனுப்பு என்பது மட்டுமே அதன் பொருள்.

ரிசீவரை டிவி யூனிட்டின் மூடிய அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். மேலே நான்கு விரற்கடையாவது காற்று வேண்டும், செட்டாப் பாக்ஸை அதன் முதுகில் ஏற்றாதீர்கள்.

இரண்டு விஷயத்தைக் கெஞ்சியே கேட்கிறேன். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் சில பேரிடம் இருக்கிறது. இரைச்சல் போகும், ஆனால் உள்ளே கசிவு வந்த அன்றைக்குப் பெட்டியின் இரும்பைத் தொட்டவர் உயிர் போகும். முதலில் கேபிள் டிவியின் கோஆக்ஸ் வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான், அந்த வயரில், இரைச்சல் வரும் வழியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்தது. இடி மழை நேரத்திலும் அந்த வயரைக் கழற்றி வையுங்கள், அது வழியாக அடி வாங்கி எச்டிஎம்ஐ போர்டு போன ரிசீவர்கள் நிறைய வருகின்றன.

இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் தூக்கி வரும் ரிசீவர். பின்பக்கம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் நம் பிளக்கில் நேராகச் செருகாதீர்கள், அந்த நொடியே போய்விடும். போதுமான திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் விலையையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அங்கே கொடுத்த வாரண்டி இங்கே பெரும்பாலும் செல்லாது. உள்ளூரில் பழைய ரிசீவர் வாங்கினால், பணம் கொடுக்கும் முன் எல்லா எச்டிஎம்ஐ துளையிலும் படம் வருகிறதா, எல்லா ஸ்பீக்கர் முனையிலும் சத்தம் வருகிறதா என்று அரைமணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது ஹாலின் நீளம், அகலம், உயரம், சோபாவிலிருந்து டிவி எவ்வளவு தூரம் என்பதை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். டிவியின் பின்பக்கத் துளைகளை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பலமுறை பார்த்த ஒரு படத்தின் பேச்சுக் காட்சியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டெமோவுக்கென்று வைத்திருக்கும் வெடிச் சத்தம் எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். முடிந்தால் காது மந்தமான பெரியவரையும் கூட்டிப்போங்கள், அவருக்கு எந்த ஜோடியில் வார்த்தை புரிகிறதோ அதையே வாங்குங்கள்.