டோடோவை யார் சுட்டார்கள்?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு பாடத்தாள் வந்தது. தலைப்பு ‘டோடோ இன அழிப்பு’. டோடோ என்பது மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து, இன்று ஒன்றுகூட மிஞ்சாத பறவை. வாசித்து முடித்ததும் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: “ஐயா, யார் சுட்டாங்க?”

பையன் மேல் தப்பில்லை, மொழிபெயர்த்தவர் மேல்தான். எங்கள் தலைநகர் போர்ட் லூயியில் இந்த ‘இன அழிப்பு’ என் கண்ணில் படுவது மூன்றாவது முறை.

ஆங்கிலத்தில் எக்ஸ்டிங்ஷன், அதாவது ஓர் உயிரினம் அடியோடு இல்லாமல் போவது. வேர் லத்தீன், பொருள் நெருப்பை அணைத்தல். சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

சிக்கல் தமிழில்தான் இருக்கிறது. அழிதல் தன்வினை, அழித்தல் பிறவினை. ‘அழிப்பு’ என்றால் அழித்தவன் ஒருவன் வேண்டும், அவனுக்கு அந்த எண்ணமும் வேண்டும். ஈழச் செய்தி கேட்டு வளர்ந்த காதுக்கு ‘இன அழிப்பு’ எதைச் சொல்லும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. டச்சுக்காரர் இத்தீவில் இறங்கியது 1598-ல். டோடோவைத் தின்றார்கள், உண்மை. ஆனால் பறக்காத பறவை, தரையில் முட்டை. கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் அந்த முட்டைகளை விட்டுவைக்கவில்லை. 1662-ல் பார்த்ததாகச் சொன்ன குறிப்பையே பலரும் கடைசி என்று கொள்கிறார்கள். ஓர் உயிரினம் முழுவதுமாக இல்லாமல் போகும் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி குவியே யானை எலும்புகளை வைத்து நிறுவியதோ 1796-ல். பெயரே இல்லாத ஒன்றை அந்த டச்சு மாலுமி எப்படித் திட்டமிட்டிருப்பான்?

சரியான சொல் நம் வீட்டிலேயே கிடக்கிறது: அற்றுப்போதல். ‘அற்ற குளத்தில் அறுநீர்ப் பறவைபோல்’ என்ற மூதுரையைப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். ‘பூண்டற்றுப் போக’ என்று பாட்டிமார் சபித்ததும் இதே வேர். மிச்சம் ஒன்றுகூட இல்லை என்பதை இதைவிடத் துல்லியமாக எந்தச் சொல் சொல்லும்? மனிதன் செய்த குற்றத்தை இது மறைக்கிறதே என்றார் ஒரு நண்பர். குற்றத்தைச் சொல்லத் தனி வினை இருக்கிறது: அற்றுப்போகச் செய்தோம். சொல்லுங்கள், யார் தடுத்தது?

இன்னொரு குழப்பம், ‘அருகிய’ என்பதையும் அற்றதாக எழுதுவது. அருகுதல் குறைந்து அரிதாவது, அவ்வளவே. நம் மொரீஷியஸ் வல்லூறு 1974-ல் காட்டில் நான்கே நான்கு என்று எண்ணப்பட்டது. மிக அருகியது, அறவில்லை. அதனால்தான் மீட்க முடிந்தது. கோயில் மேடையில் ‘இத்தீவில் தமிழ் அழிந்துவிட்டது’ என்று முழங்குகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். 1998-ல் ரூபாய் நோட்டில் தமிழ் எந்த வரியில் நிற்பது என்று அத்தனை சண்டை போட்டோம். அதே நோட்டின் நீர்க்குறியில் இருக்கும் டோடோவைப் பற்றித் தமிழில் ஒரு வரி ஒழுங்காக எழுத ஆளில்லை.

பையனுக்குத் தலைப்பைத் திருத்திக் கொடுத்தேன். “அப்போ எலிதானா ஐயா?” என்றான்.

எலியும், எலியை ஏற்றி வந்த கப்பலும் என்றேன்.