தோல் ஷாப் நிலத்தில் கோவொர்க்கிங்: முதலில் மண்ணைப் பாருங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மூடிக் கிடக்கும் தோல் ஷாப்புகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளை, கோவொர்க்கிங் இடமாக (பலரும் மேசை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கும் பொது அலுவலகமாக) மாற்றலாமா என்று கேட்டு இப்போது அடிக்கடி ஆள் வருகிறார்கள். வாங்கப்போகும் நிலத்தின் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துச் சொல்வது என் தொழில். வருகிறவர்கள் கையில் ஒரு த்ரீடி படம் இருக்கும்: சுவரெல்லாம் கொடி, முற்றத்தில் புல்தரை, மொட்டைமாடியில் சோலார். மண் பரிசோதனை அறிக்கை மட்டும் இருக்காது.

யோசனை நல்ல யோசனைதான். காட்பாடியில் விடியற்காலை ரயிலேறிச் சென்னை போய் இரவு திரும்பும் பிள்ளைகள் உண்டு; பெங்களூரு கம்பெனிக்கு வீட்டுக் கூடத்திலிருந்தே வேலை பார்ப்பவர்களும் உண்டு. ஊரிலேயே ஒரு மேசையும் தடையில்லாத கரண்டும் நெட்டும் கிடைத்தால் அவர்கள் பணம் இங்கேயே புழங்கும். கட்டடமும் தோதானது. தோல் காய்வதற்காகக் காற்றோட்டமாகக் கட்டிய மாடிகள், வேலூர் வெயிலில் ஏசி செலவைப் பாதியாக்காவிட்டாலும் நன்றாகவே குறைக்கும். அதை இடித்துக் கண்ணாடிப் பெட்டி எழுப்பி, அதற்குப் பசுமைச் சான்றிதழும் வாங்குவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

சிக்கல் தரைக்குக் கீழே இருக்கிறது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. இந்த உலோகம் இரண்டு வடிவங்களில் வரும். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். எளிதில் கரையாது, பெரிதாக நகராது. ஆனால் காரத்தன்மையோடு மாங்கனீசு ஆக்சைடும் உள்ள மண்ணில் அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். இது தண்ணீரோடு ஓடும், புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர அளவு. தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பும் மண்ணில் தங்கியிருக்கும். அது அஸ்திவாரக் கம்பியை அரிக்கும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் வரைபடத்தில் தானாகவே ஒரு உறிஞ்சுகுழி வந்துவிடும். அசுத்தமான மண்ணில் அந்தக் குழி மேலே கிடக்கும் விஷத்தைக் கிணற்று நீருக்கு இறக்கும் குழாய். அப்படிப்பட்ட இடத்தில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் பயன்படுத்துங்கள். உறிஞ்சுகுழி ஏன் வேண்டாம் என்பதை ஆய்வு அறிக்கையோடு அனுமதி தரும் அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். போர்வெல், கீரைப் பாத்தி இரண்டும் முடிவு வரும்வரை வேண்டாம்.

எல்லா மண்ணையும் அள்ளிப்போக வேண்டும் என்றும் இல்லை. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலை இன்று பூங்கா. அங்கே மிக மோசமான மண்ணை ஆலையின் பழைய மூலப்பொருள் சேமிப்பு அறைகளுக்குள் போட்டு மூடி, மேலே தோட்டம் வைத்தார்கள். இங்கும் சில இடங்களில் கான்கிரீட் போட்டு மூடி, அதன்மேல் பார்க்கிங் வைத்தாலே போதும். சில இடங்களில் தோண்டி எடுத்து, அபாயகரக் கழிவுக்கென்று உள்ள கிடங்குக்கு அனுப்பியே ஆக வேண்டும். எது எங்கே என்பதைச் சோதனைதான் சொல்லும்.

சோதனைக்கு எங்கே துளையிடுவது? அந்த ஷாப்பில் வேலை பார்த்த பழைய மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டு நடந்து பாருங்கள். சுண்ணாம்புக் குழி எங்கே, தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் எங்கே நின்றது, கழிவுக் கால்வாய் எந்தப் பக்கம் போனது என்று அவர் காட்டுவது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. ஆய்வகத்தில் மொத்தக் குரோமியத்தோடு ஆறு இணைதிறனைத் தனியாகக் கேளுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் மொத்தம் மட்டும்தான் வரும்.

அப்புறம் ஒப்பந்தம். தோல் ஷாப் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. ஆனால் நீங்கள் குடியேறும் அன்று மண் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால், நாளைக்கு மாசு யாருடையது என்பதே சண்டையாகும். குத்தகைப் பத்திரத்தோடு அந்த ஆய்வு அறிக்கையை இணைத்து, உரிமையாளரும் நீங்களும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.