நேர்வாய்வு: 'கேஸ் ஸ்டடி'க்குத் தமிழ்

ஓரிடத்தில், ஒரு காலத்தில், குறிப்பிட்ட சிலருக்கு நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அது ஏன் அப்படி நடந்தது என்று எல்லாப் பக்கமும் பார்த்து எழுதுவதுதான் கேஸ் ஸ்டடி. கல்லூரிகளில் இந்தப் பெயரில் வந்து சேர்பவை பெரும்பாலும் பொதுக்கட்டுரைகள்.

'கேஸ்' லத்தீனின் 'காசுஸ்' என்பதிலிருந்து வந்தது. விழுதல் அதன் முதல் பொருள். நம்மீது வந்து விழுவது, அதாவது நேர்வது, அடுத்த பொருள். 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்குத் தலைவரான கிறிஸ்டோபர் லாங்டெல், விரிவுரையைக் குறைத்து, 'கேஸ்' எனப்படும் வழக்குகளின் தீர்ப்புகளை மாணவர்களே படித்து விவாதிக்க வைத்தார். வணிகக் கல்விக்கு அந்த முறை பிறகு போனது.

தமிழில் கல்வியியல் நூல்கள் 'தனியாள் ஆய்வு' என்கின்றன. ஒரு மாணவனைப் பற்றியதென்றால் சரி; ஒரு கிராமத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ அது பொருந்தாது. 'வழக்காய்வு' என்றால் நீதிமன்றமோ நாட்டார் வழக்காறோதான் நினைவுக்கு வரும். 'நேர்வாய்வு'தான் எனக்குப் பிடித்த சொல். நேர்ந்தது நேர்வு, லத்தீன் மூலத்தின் பொருளும் அதுவே. குமரிக்காரர்களுக்கு நேர்ச்சைக்கடன் நினைவுக்கு வரலாம். அந்த 'நேர்தல்' வேண்டிக்கொள்வது, இது நிகழ்வது.

பல மாணவர்கள் சேர்ந்து செய்தால் 'கூட்டு நேர்வாய்வு'. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியில் இதற்கு அருமையான ஆய்வுப்பொருள் உண்டு: தேனீ வளர்ப்பு. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் புழுப்பருவத்திலேயே தேனீக்களைக் கொன்று, பெட்டி பெட்டியாகக் காலியாக்கியது. ஒரே ஊரில் சிலர் தொழிலை விட்டார்கள், சிலர் மீண்டார்கள். ஏன்? நாலு பேர் கொண்ட குழுவில் ஒருவர் அந்தக் காலத்து வளர்ப்பாளர்களிடம் பேசலாம். இன்னொருவர் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் கணக்கேடுகளைப் பார்க்கலாம். மூன்றாமவர் நோயைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்கலாம். அப்புறம், ரப்பர் தோட்டத்துத் தேன் பூவிலிருந்து கிடைப்பதில்லை. இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்புநீரிலிருந்து கிடைக்கிறது. ஆகவே தளிர்விடும் மாதங்களில் பெட்டிகள் எந்தத் தோட்டத்துக்குப் போயின என்பதை நாலாமவர் விசாரிக்க வேண்டும்.

எழுதும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. ஆளுக்கொரு பகுதி எழுதி ஒட்டினால் அது கூட்டு வேலை ஆகாது. பெரியவர் ஒருவர் சொன்ன ஆண்டும் கணக்கேட்டில் உள்ள ஆண்டும் ஒத்துப்போகாதபோது குழு உட்கார்ந்து பேசியாக வேண்டும். எதை நம்புவது, ஏன், அதை எப்படி எழுதுவது? சான்று என்றால் என்ன என்று மாணவருக்குப் புரியும் இடம் அது. எத்தனை விரிவுரை கேட்டாலும் இந்தப் புரிதல் வராது என்றே நினைக்கிறேன்.

ஒரு நேர்வு எல்லாவற்றையும் நிரூபிக்காது. அதனால் தலைப்பிலேயே எல்லை தெரிய வேண்டும். 'குமரி மாவட்டத் தேனீ வளர்ப்பு' என்பது பொதுக்கட்டுரையின் தலைப்பு. ஊர்ப்பெயரும் ஆண்டும் கேள்வியும் அதில் ஏறினால் நேர்வாய்வின் தலைப்பு.