மாரிம்பா வாசிப்பவர் தாள வாத்தியக்காரரா?

மாரிம்பா வாசிக்கும் கெய்கோ அபேயை ‘ஜப்பானின் தாள வாத்தியக் கலைஞர்’ என்று அறிமுகப்படுத்தும் தமிழ்க் குறிப்பு ஒன்று மறுபடியும் கண்ணில் பட்டது. இன்னொன்றில் ‘தோற்கருவி இசைஞர்’ என்றே போட்டிருந்தார்கள். மாரிம்பாவில் தோலே கிடையாது, ஐயா. வரிசையாக மரக்கட்டைகள், அடியில் ஒலியைப் பெருக்கும் குழாய்கள், அவ்வளவுதான்.

சொல் வரலாறு சுருக்கம்தான். மாரிம்பா ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிச் சொல். ‘மா’ பன்மை முன்னொட்டு, ‘ரிம்பா’ கட்டை என்பார்கள். ‘தாள வாத்தியம்’ என்று நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல்லான பெர்கஷன், அடித்தல், தட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதில் தாளம் எங்கே இருக்கிறது?

கருவியை எப்படி ஒலிக்க வைக்கிறோம் என்று சொல்லும் சொல்லை, அது கச்சேரியில் என்ன வேலை பார்க்கிறது என்று சொல்லும் சொல்லாக யாரோ மாற்றிவிட்டார்கள், மற்றவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்று அதையே எடுத்து எழுதுகிறார்கள். தாள வாத்தியம் என்றதும் நமக்கு மிருதங்கம், கடம், கஞ்சிரா, அப்புறம் நடுவில் ஒரு தனி ஆவர்த்தனம். அபே செய்ததோ வேறு. கையில் இரண்டிரண்டாக நான்கு குச்சிகளைப் பிடித்து ராகமும் ஒத்திசைவும் சேர்த்து ஒற்றை ஆளாக மேடையை நிறைத்தவர், 1963 முதல் இசைக்கருவி செய்யும் யமஹா நிறுவனத்தோடு சேர்ந்து கருவியையே ஐந்து ஸ்தாயிக்கு வளர்த்தவர், 1979-இல் ‘மிச்சி’ போன்ற படைப்புகளைத் தானே எழுதியவர். அமெரிக்காவின் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி தன் புகழ் மண்டபத்தில் முதல் பெண்ணாக 1993-இல் இவரைச் சேர்த்தது. அந்தச் சங்கத்தை ‘தாளக் கலைச் சங்கம்’ என்றா எழுதுவீர்கள்?

ஆனையாம்பட்டி கணேசன் கிண்ணங்களைக் குச்சியால் தட்டித்தான் ஜலதரங்கம் வாசித்தார். அவரை யாராவது தாள வாத்தியக்காரர் என்றார்களா? தாளத்துக்கு அவர் பக்கத்திலேயே மிருதங்கக்காரர் உட்கார்ந்திருப்பார்! நமக்கே தெரிந்த வேறுபாடு மொழிபெயர்க்கும்போது மட்டும் மறந்துபோகிறது. சரி, ‘கன வாத்தியம்’ (தோலோ நரம்போ இல்லாமல், கெட்டிப் பொருளே ஒலிக்கும் கருவி) என்று சமஸ்கிருத வகைப்பாட்டுக்குப் போகலாம் என்றால், தூக்க முடியாத வாத்தியம் என்று படிப்பார்கள்.

பெர்கஷனுக்கு என் கட்சி ‘தட்டிசை’. ‘கொட்டிசை’யும் தப்பில்லை, ஆனால் எனக்குத் தேள் ஞாபகம் வருகிறது. மாரிம்பாவை அப்படியே விடுங்கள், வயலினை விட்ட மாதிரி. கெய்கோ அபே: மாரிம்பா தனிக்கச்சேரிக் கலைஞர், தட்டிசைப் படைப்பாளர்.