காலேவற்பலகை: ‘மிடி ஃபுட் கொன்ட்ரோலர்’ என்பதற்குரிய தமிழ்ச்சொல்

திருகோணமலையில் மேடையேறும் கிற்றார்க்காரரின் காலடியில், வரிசையாகப் பொத்தான்கள் பதித்த கறுப்புப் பலகை ஒன்று இப்போது அடிக்கடி காணப்படுகிறது. வாசிப்பவர் அதை ‘மிடி போர்ட்’ என்கிறார். விற்பவர் ‘மிடி ஃபுட் கொன்ட்ரோலர்’ என்று பற்றுச்சீட்டில் எழுதுகிறார். ஒலிபெருக்கி பொருத்த வருபவரோ, “தம்பி, காலால அமத்துற அந்தப் பலகைய எங்க வைக்கிற?” என்று கேட்கிறார். இம்மூன்றில் பொருளை அண்மித்து நிற்பது மூன்றாவதே என்றாலும், காலால் அமத்தியபின் அப்பலகை என்ன செய்கிறது என்பதை அதுவும் சொல்லவில்லை. நமக்கு வேண்டிய சொல் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘மிடி’ என்பது இசைக்கருவிகளுக்கான எண்ணிம இடைமுகம் என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளாலான சுருக்கம். ஒரு நிறுவனத்தின் மின்னிசைக் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேச முடியாதிருந்த காலத்தில், அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் பொதுமொழி ஒன்று வேண்டுமென்று முன்னின்று உழைத்தனர். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் இருவேறு நிறுவனங்களின் விசைப்பலகைகள் வடத்தால் இணைக்கப்பட்டு ஒன்றோடொன்று பேசின. அதே ஆண்டிலேயே அதற்கான விதிகளும் வெளியாயின. அவ்விருவருக்கும் 2013இல் தொழினுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

தமிழில் எழுதும்போது இச்சுருக்கத்துக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘மிடி’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழஞ்சொல். வறுமை, துன்பம் என்பன அதன் பொருள். மிடியன், மிடிமை என்பன அதன் வழிவந்தவை. இசைநிகழ்ச்சி அறிவித்தலொன்றில் ‘மிடியுடன் கூடிய கிற்றார்’ என்றிருப்பதைத் தமிழ் படித்த முதியவர் ஒருவர் வாசித்தால் என்ன விளங்கிக்கொள்வார் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். சுருக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அது உலகப் பொதுப் பெயராகிவிட்டது. ஆனால் தனியே நிறுத்தாமல் ‘மிடி முறை’, ‘மிடி வடம்’ என்று துணைச்சொல்லோடு எழுதுவதும், முதன்முறை வருமிடத்தில் ‘இசைக்கருவி எண்ணிம இடைமுகம்’ என்று விரித்துக்காட்டுவதும் நல்லது.

அடுத்தது காலுக்குரிய பகுதி. பேச்சில் நாம் வழங்கும் ‘பெடல்’ பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தொடக்கத்தில் தேவாலய ஓர்கனில் காலால் வாசிக்கும் கட்டைகளைக் குறித்தது. நம்மிடம் அதற்கு நேராக ‘மிதி’ இருக்கிறது. சங்கப் பாடலில் வரும் ‘மிதியுலை’ என்ற சொல்லை நான் இங்கே விரும்பி நினைவூட்டுகிறேன்: கொல்லனின் ஒரு கையில் குறடும் மறு கையில் சம்மட்டியும் இருக்க, துருத்தியைக் கால் மிதித்துக் காற்றூட்டும் உலை அது. இரு கையும் தந்திமேல் இருக்கும் கிற்றார்க்காரரின் நிலையும் அதுவே. கை ஒழியாத தொழிலில் காலுக்கு வேலை பிறக்கிறது.

ஆயினும் பெடல் எல்லாம் ஒன்றல்ல. 1962இல் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் முதலாக வழக்கில் உள்ள எபெக்ட் பெடல்களில், ஒலியை மாற்றும் மின்சுற்று காலடிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது; கிற்றாரின் ஒலி அதற்குள் நுழைந்து கரகரப்போ எதிரொலியோ பெற்று வெளியேறுகிறது. இவற்றை ‘ஒலிமிதி’ எனலாம். பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும் ஒரு நொடியில் இரண்டை அணைத்து மூன்றை இயக்க வேண்டியிருந்தால், ஒலிமிதிகளை மட்டும் நம்பியிருப்பவர் தாளத்தைத் தவறவிடுவார். அந்த இடரைத் தீர்ப்பதே நமது பலகை. ஆனால் அதற்குள் கிற்றாரின் ஒலி நுழைவதே இல்லை. மிடி வடத்தில் ஓடுவது ஒலியன்று, கட்டளை. வேறிடத்தில் இருக்கும் எபெக்ட் பெட்டி அதைக் கேட்டு, முன்கூட்டியே சேமித்துவைத்த முழு ஒலியமைப்பையும் ஒரே மிதியில் மாற்றிவிடுகிறது.

‘கொன்ட்ரோலர்’ என்பதை அகராதி பார்த்துக் ‘கட்டுப்படுத்தி’ என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடன்று. அந்த ஆங்கிலச் சொல் கணக்குச் சுருளைச் சரிபார்க்கும் எதிர்ச்சுருளிலிருந்து பிறந்தது. அதன் நேரடி வாரிசு நம் அரசாங்கக் கடிதங்களில் வரும் ‘கட்டுப்பாட்டாளர்’ தான். தமிழில் கட்டுப்படுத்துதல் என்றால் அடக்குதல், எல்லைக்குள் நிறுத்துதல். இந்தப் பலகை எதையும் அடக்கவில்லை; வா என்றால் வரவும் போ என்றால் போகவும் செய்கிறது. இலக்கணம் இதற்கு ‘ஏவல்’ என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டது.

ஏவல் வினையை மிடிக் கட்டளையோடு ஒப்பிட்டால் பொருத்தம் விளங்கும். ‘நட’, ‘நில்’ என்று விகுதியேதும் இல்லாமல் வேர்ச்சொல்லே நிற்பதுபோல, ஒலியமைப்பை மாற்றும் மிடிக் கட்டளை இரண்டே பைட்டுகளால் ஆனது. செக்கனுக்கு 31,250 பிட்டுகள் என்ற வேகத்தில் அது சென்றுசேர ஒரு மில்லிசெக்கன்கூட ஆவதில்லை. ஏவல் எப்போதும் முன்னிலைக்கு உரியது; மிடிக் கட்டளையும் 16 அலைவரிசைகளுள் ஒன்றைப் பார்த்தே பேசுகிறது. பலகை 2ஆம் அலைவரிசையில் ஏவ, பெட்டி 1ஆம் அலைவரிசையில் மட்டும் செவிகொடுத்திருந்தால், எத்தனை முறை மிதித்தாலும் பயனில்லை.

எண்ணிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விடுதி முற்றத்தில் நடந்த ஒத்திகையில், மெல்லிய எதிரொலியோடு தொடங்க வேண்டிய பாட்டுக்காக 12ஆம் ஒலியமைப்பை அழைத்தேன். முழுக் கரகரப்போடு 11 வந்து நின்றது. உப்புக்காற்றில் வடத்தின் ஊசிகள் கறுத்துவிட்டனவோ என்று கழற்றித் துடைத்து மாட்டினேன், மறுபடியும் 11. வடத்தில் செல்லும் எண் 0 முதல் 127 வரையானது. என் பலகை அதை 1 முதல் 128 வரை என்று காட்ட, பெட்டியோ 0 முதலே எண்ணிக்கொண்டிருந்தது. ஏவியவருக்கும் ஏவப்பட்டவருக்கும் எண்ணும் முறை வேறாக இருந்ததே பிழை. அமைப்பில் அதைத் திருத்திய பின்பு ஒரு முறையும் தவறவில்லை.

இனிப் பெயருக்கு வருகிறேன். முதலில் என் மனத்தில் எழுந்தது ‘ஏவுமிதி’. ஏவுகணை போன்ற வினைத்தொகை, நான்கெழுத்து, நாவுக்கும் இதமானது. ஆனால் திருகோணமலையில் நின்று அதை வாய்விட்டுச் சொன்னபோது, முற்பாதி ஏவுகணையையும் பிற்பாதி மிதிவெடியையும் கூட்டிக்கொண்டு வந்தது. மிதிவெடி என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்கும் முன்பே அறிவித்தல் பலகைகளின் சிவப்பு நிறத்தால் அறிந்துகொண்ட பிள்ளைகள் வளர்ந்து, இன்று கிற்றார் வாசிக்கிறார்கள். ‘மிதி’ அந்த ஆயுதத்துக்கு மிக மூத்த சொல் என்பதால் ‘ஒலிமிதி’யில் அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு நினைவும் ஒரே சொல்லில் கூடுவதை மட்டும் தவிர்த்தேன்.

ஆகவே கால், ஏவல், பலகை என்ற மூன்றையும் புணர்த்திக் ‘காலேவற்பலகை’ என்கிறேன். ‘காலால அமத்துற பலகை’ என்றவரின் காலும் பலகையும் இதில் அப்படியே இருக்கின்றன. விடுபட்டிருந்த ஏவல் நடுவே சேர்ந்திருக்கிறது. ஒருமுறை முழுமையாக எழுதியபின், அதே கட்டுரையில் ‘ஏவற்பலகை’ என்று சுருக்கலாம். இணைப்பு முறையையும் சுட்ட வேண்டிய இடத்தில் ‘மிடிமுறைக் காலேவற்பலகை’ என்று எழுதலாம்.

பலகையின் ஓரத்தில் முன்னும் பின்னும் சாயும் ‘எக்ஸ்பிரஷன் பெடல்’ மட்டும் இப்பெயருக்குள் அடங்காது. அது ஒரு சொல் ஏவலாக நில்லாமல், பாதம் சாயச் சாய 0 முதல் 127 வரை தொடர்ந்து எண்களை அனுப்பி ஒலியை ஏற்றி இறக்குகிறது. அதற்குச் ‘சாய்மிதி’ பொருந்தும்.