இணையக் கடையில் வற் வரி: எவரிடம், எந்தத் தொகைக்கு?

கொழும்பிலுள்ள இணையக் கடையில் பொருள் எடுத்தால் திருகோணமலை முகவரிக்கு வரி கூடுமா என்று என்னிடம் கணக்கு வேலைக்கு வருவோர் அடிக்கடி கேட்பதுண்டு. இந்தச் சந்தேகத்தின் ஊற்று பெரும்பாலும் கனடாவில் இருக்கும் உறவினர்களே. ஸ்காபரோவில் இருக்கும் அக்கா தன் வீட்டுக்கு ஒரு தையல் இயந்திரத்தை இணையத்தில் வாங்கினால் ஒன்ராறியோவின் 13 சதவீத எச்.எஸ்.ரி. (மத்திய, மாகாண வரிகள் இணைந்த விற்பனை வரி) சேரும், அதையே கல்கரியில் இருக்கும் மகளின் முகவரிக்கு அனுப்பச் சொன்னால், அல்பேர்ட்டாவுக்கு மாகாண விற்பனை வரி இல்லாதபடியால், மத்திய அரசின் 5 சதவீத ஜி.எஸ்.ரி. மட்டுமே. அமெரிக்காவில் மாநிலம், அதற்குள் அடங்கும் கவுண்டி எனும் மாவட்டம், நகரம் என ஒன்றன்மேல் ஒன்றாக வரி சேர்வதால், ஒரே மாநிலத்துக்குள்ளும் வீதம் ஊருக்கு ஊர் மாறும்.

இலங்கையில் அந்தச் சிக்கல் இல்லை. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி, அதாவது வற் வரி, 18 சதவீதம். வரிவிலக்குப் பெற்ற பொருட்கள் நீங்கலாக, திருகோணமலை உப்புவெளிக்கும் கொழும்பு வெள்ளவத்தைக்கும் வீதம் ஒன்றே. இங்கே பார்க்க வேண்டியது, விற்பவர் அந்த வரிக்குப் பதிவு செய்தவரா என்பதுதான். பதிவுக்கான வருடாந்த விற்பனை எல்லை அதே நாளில் 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் முகநூலில் வீட்டிலிருந்து விற்கும் பலர் அதற்கு வெகு கீழேயே நிற்கின்றனர். பதிவு இல்லாதவர் வற் வரி என்று ஒரு சதம்கூட அறவிட முடியாது.

விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் அண்மையில் கொண்டுவந்த பற்றுச்சீட்டில், படுக்கை விரிப்புகளுக்கு 40,000 ரூபாயும் அதன் கீழே வற் வரியாக 7,200 ரூபாயும் எழுதப்பட்டிருந்தன. ஒன்பது இலக்க வரி அடையாள எண்ணும் அதன் பின்னே 7000 என்பதுமாக அமையும் வற் பதிவிலக்கத்தை எங்கும் காணவில்லை. அந்த இலக்கத்தைக் கேட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும்படி சொன்னேன். மறுமொழியாக இலக்கம் வரவில்லை, 7,200 ரூபாய் திரும்பி வந்தது.

வரி உள்ளடங்கிய விலையில் வரியைப் பிரிக்கும்போது, கணக்குத் தெரிந்தவர்களும் சறுக்குவதைக் காண்கிறேன். 11,800 ரூபாயில் அடங்கியுள்ள வரி 1,800 ரூபாய். விலையை 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும். நேரே 18 சதவீதம் எடுத்தால் 2,124 என்று பிழையாக வரும்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் பொதிக்குக் கணக்கு வேறு. பொருளின் விலை, காப்புறுதி, அனுப்புக் கூலி ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையோடு அதன் 10 சதவீதத்தையும் சுங்கத் தீர்வை, செஸ் எனும் இறக்குமதி அறவீடு போன்றவற்றையும் சேர்த்த பின்னரே வற் வரி கணிக்கப்படுகிறது. வேறு தீர்வை ஏதும் இல்லையென்று கொண்டாலும், 10,000 ரூபாய்ப் பொதிக்கு வற் வரி 1,800 அல்ல, 1,980 ரூபாய்; சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு அறவீடு வேறாக வரும். விற்பனைத் தளம் இவற்றையெல்லாம் முன்கூட்டியே அறவிடுகிறதா, அல்லது பொதி கொண்டுவருபவரிடம் வாசலில் கட்ட வேண்டுமா என்பதை, காசு செலுத்தும் பக்கத்திலேயே பார்த்துவிட்டு அட்டை இலக்கத்தை இடுங்கள்.